ஓங்காமல் வெட்டுங்கள்

கேள்வி: நிண்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவியில் ‘ஜெல்டா: ஸ்கைவர்ட் சுவோர்ட் ஹெச்டி’ விளையாடுகிறேன். வலப்பக்கம் வெட்டினால் ஆட்டத்தின் நாயகன் லிங்க் இடப்பக்கம் வெட்டுகிறான். முதல் கோயிலின் முடிவில் வரும் வில்லன் கிராஹிமிடம் ஆறு முறை தோற்றாயிற்று, தோள்பட்டையும் வலிக்கிறது. கையில் பிடித்து வீசும் கட்டுப்படுத்தியான ஜாய்-கானைப் புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தோள் வலிக்கிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. வலப்பக்கம் வெட்டுவதற்கு முன் கையை இடப்பக்கம் வேகமாக ஓங்குகிறீர்கள். விறகு பிளக்க அது சரி. ஆனால் ஜாய்-கானுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் என்ற சுழற்சி உணரிக்கு ஓங்குவது, வெட்டுவது என்ற வேறுபாடெல்லாம் தெரியாது. முதலில் வந்த வேகமான அசைவையே வெட்டு என்று எடுத்துக்கொள்ளும். கையை மெதுவாக ஒரு பக்கம் கொண்டுபோய், ஒரு நொடி நிறுத்தி, மணிக்கட்டை மட்டும் சுண்டிப் பாருங்கள். சோபாவில் சாய்ந்தபடியே வெட்டலாம்.

இரண்டாவது சிக்கல், திசை நழுவுவது. கைரோஸ்கோப் அளப்பது சுழலும் வேகத்தை மட்டுமே; அதைக் கூட்டிக் கூட்டித்தான் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணிக்கிறது. கூட்டலில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். மேல் கீழ் சாய்வைப் புவியீர்ப்பை வைத்து, உள்ளேயே இருக்கும் முடுக்கமானி என்ற இன்னொரு உணரி திருத்திவிடும். இட வலத் திருப்பத்துக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. அதனால் ஜாய்-கானைத் திரைக்கு நேராக நீட்டி ஒய் பொத்தானை அழுத்துங்கள், நடு மறுபடி நேராகும். சண்டைக்கு முன் இதைச் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2011-இல் நிண்டெண்டோவின் பழைய வீ கருவியில் வந்த மூல ஆட்டத்திலும் இதே தொல்லை உண்டு. உடனுக்குடன் நழுவினால் மட்டும், சுவிட்சின் அமைப்புகளில் ‘கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சர்ஸ்’ பகுதிக்குப் போய் அசைவுக் கட்டுப்பாட்டை அளவுதிருத்தம் செய்யுங்கள். ஜாய்-கானைச் சமதளமான மேசையில் வைக்க வேண்டும், மடியில் அல்ல.

இனி கிராஹிம். அவன் பார்ப்பது உங்கள் வாள் நிற்கும் பக்கத்தை. அவன் கை அங்கேயே வந்து வாளைப் பிடித்துக்கொள்ளும். வேகம் காட்டக் காட்ட அவனுக்குத்தான் வசதி. வாளை வலப்பக்கம் மெதுவாக நீட்டுங்கள். அவன் கை தொடர்ந்து வந்ததும் சட்டென்று வேறு திசையிலிருந்து வெட்டுங்கள். பிறகு அவனும் வாளெடுத்து, கத்திகளை வரிசையாக எறிவான். வரிசை படுக்கையாக இருந்தால் படுக்கையாக, நெட்டாக இருந்தால் நெட்டாக வெட்டினால் அவை அவன்மேலேயே திரும்பும்.

தோள்வலி விடவில்லை என்றால் அமைப்பில் பொத்தான் முறைக்கு மாறிவிடுங்கள். 2021-இல் வந்த ஹெச்டி பதிப்பில் சேர்த்த வசதி இது. வலது குச்சியைத் தள்ளும் பக்கம் வாள் போகும். கேமராவைத் திருப்ப மட்டும் எல் பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து, முதல் நாள் முழுக்க வேடிக்கை பார்க்கத் திரும்பும்போதெல்லாம் வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருந்தேன் நான்.