தாடை மூட்டு வலி ஏன் வருகிறது? கையால் செய்யும் சிகிச்சையில் குறையுமா?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ நகரும். கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் அந்த இடம்தான் தாடை மூட்டு. நடுவில் ஒரு சிறு வட்டு இருக்கிறது. வாய் திறக்கும்போது இந்த மூட்டு சுழலவும் செய்யும், முன்னால் நழுவவும் செய்யும்.

பலருக்கு வலி மூட்டிலிருந்து வருவதில்லை, அதை அசைக்கும் தசைகளிலிருந்து வருகிறது. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்க வேண்டும். டென்ஷனிலும் தூக்கத்திலும் பல்லைக் கடிப்பவர்களுக்குத் தசை ஓய்வதே இல்லை. நிறைகுடத்தை இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்திருப்பது மாதிரி. இந்த வலி காதிலும் நெற்றிப்பொட்டிலும் தெரியும் என்பதால் காது வலி என்றே பலர் அலைகிறார்கள்.

சரி, கையால் செய்யும் சிகிச்சை? பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கன்னம், நெற்றிப்பொட்டு, கழுத்துத் தசைகளை அழுத்தித் தளர்த்துவார். கையுறை போட்டுக் கீழ்க் கடைவாய்ப்பல் மேல் கட்டைவிரலை வைத்துத் தாடையை மெதுவாகக் கீழே இழுப்பதும் உண்டு. பலருக்கு வலி குறையும், வாய் நன்றாகத் திறக்கும். ஆனால் பல்லைக் கடிக்கும் பழக்கம் தொடர்ந்தால் வலியும் திரும்பி வரும். வெதுவெதுப்பான ஒத்தடமும் சில நாள் மென்மையான சாப்பாடும் உதவும். வாய் திறக்கவே முடியாவிட்டாலோ, வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு தாடையும் வலித்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம், 'டக்' சத்தம் கேட்டாலே மூட்டு தேய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வலியில்லாத சத்தத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை.