அம்பாசிடர் டிக்கியில் துரு: வெல்டிங் பழகி நாமே சரிசெய்யலாமா?

கேள்வி: என்னிடம் பழைய அம்பாசிடர் இருக்கிறது. டிக்கித் தரை பல இடங்களில் ஓட்டை. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும் துரு. வெல்டிங் பழகி நானே செய்ய ஆசை. எந்த மிஷின் வாங்குவது, எங்கே தொடங்குவது?

பதில்: டிக்கித் தரையைத் தாராளமாக நீங்களே செய்யலாம். ஸ்பிரிங்கைப் பாடியோடு பிடிக்கும் ஹேங்கர் பகுதி அப்படியல்ல. அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். பின்பக்கப் பாரம் அந்த ஹேங்கர்கள் வழியாகத்தான் அச்சுக்கு இறங்குகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே சொல்லும் கிழிப்புச் சோதனையில் வெல்டு தொடர்ந்து தேறாவிட்டால், அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள்.

ராடு வைக்கும் ஆர்க் மிஷின் இந்த வேலைக்கு ஆகாது, 1 மி.மீ. தகரத்தில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். கேஸ் இணைக்கும் மிக் மிஷின் (டார்ச் வழியாகக் கம்பி தானாக வந்து உருகும் வகை) வாங்குங்கள். 40 ஆம்பியருக்கும் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம், மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதல்ல. கம்பி 0.8 மி.மீ., கிடைத்தால் 0.6. ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதக் கலவை, நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவில். வெறும் கார்பன் டை ஆக்சைடு மலிவுதான்; ஆனால் பொறி அதிகம் தெறிக்கும், மெல்லிய தகரம் சீக்கிரம் உருகி விழும். கேஸோடு பயன்படுத்தும் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் வெல்டு உள்ளே இறங்காமல் மேலே திரண்டு நிற்கும்.

காரைத் தொடுமுன் 1 மி.மீ. சி.ஆர். ஷீட்டை (பூச்சில்லாத இரும்புத் தகடு) துண்டுகளாக வெட்டிப் பழகுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மேல் துண்டில் 6 மி.மீ. துளை போட்டு, கீழ்த் துண்டின் நடுவில் ஆர்க்கைத் தொடங்கித் துளையை நிரப்புங்கள். ஆறியதும் உளியால் பிரித்துப் பாருங்கள், இதுதான் கிழிப்புச் சோதனை. வெல்டு தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால் பிடித்திருக்கிறது. பொட்டாகக் கழன்று வந்தால் சூடு போதவில்லை. மேலே பளபளவென்று இருப்பதை நம்பவே கூடாது. வெல்டில் சிறு துளைகள் விழுந்தால் காற்றில் கேஸ் கலைகிறது, அல்லது பெயின்டும் துருவும் மிச்சமிருக்கிறது.

காரில் முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கையும் குழாய்களையும் அப்புறப்படுத்துவது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே தங்கிய ஆவிதான் வெடிக்கும். அதைத் தனியிடத்தில் வையுங்கள். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். குளோரின் கலந்த வகையென்றால் ஆர்க் பட்டதும் நச்சு வாயு உண்டாகும்.

பாடியை ஸ்டாண்டில் சமமாக நிறுத்தி, வெட்டுமுன் டிக்கியின் குறுக்கு அளவுகளை இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுங்கள். பல ஓட்டைகளையும் ஒரே நாளில் வெட்டித் திறந்துவிட்டால், பாடி தொய்ந்த பிறகு எந்த அளவை நம்புவது? துரு தெரியும் எல்லையோடு நிற்காமல், சுத்தியலால் தட்டி, கணீரென்று ஒலிக்கும் கெட்டித் தகரம் வரை போங்கள். மெலிந்த விளிம்பில் எந்த வெல்டும் நிற்காது.

புதுத் துண்டைக் கம்பித் தடிமன் அளவு இடைவெளியோடு பொருத்தி, சுமார் 25 மி.மீ.க்கு ஒரு டேக் (சிறு பொட்டு வெல்டு) அடியுங்கள். பிறகு இங்கொன்று அங்கொன்றாக நடுவில் நிரப்புங்கள். ஒரே கோடாக இழுத்தால் தகரம் நெளிந்துபோகும்; பட்டி பூசி அதை மறைப்பது வேலையே அல்ல. தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காமல் தானாக ஆறவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பின் அச்சின் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கலாம்.

முகத்துக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி உள்ள ஹெல்மெட், கையருகே தீயணைப்பான். தரைக்கு அடியில் பூசிய தார் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் எரியும். அதைச் சுரண்டிய பிறகே தொடங்குங்கள், முடித்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

வெல்டுகளைத் தேய்த்துச் சமப்படுத்திய பின் பிரைமர், இணைப்புகளில் சீலர், பெயின்ட். பெட்டி போல மூடிய உட்பகுதிகளுக்குள் துரு தடுக்கும் மெழுகை எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே பீய்ச்சுங்கள். முன்பே போட்டால் அடுத்த வெல்டின் சூட்டில் அது தீப்பற்றும்.