முதுகு வலிக்கிறதா? சுங்கை சிப்புட் தோட்டத்தார் கேட்கிறார்கள்

ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் நான். மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டுகிறேன், வயது 41. இடுப்பு வலி இடது காலில் மின்சாரம்போல இறங்குகிறது. சுளுக்கா?

பதில்: தம்பி, இடுப்போடு நிற்கும் வலி பெரும்பாலும் தசைப்பிடிப்பு, சில வாரங்களில் அடங்கும். முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை இறங்கி, தும்மும்போது சுண்டி இழுத்தால் நரம்பு அழுந்துகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பவை வட்டுகள். இடுப்பின் 5 எலும்புகளில் கடைசி இரண்டுக்கும் கீழுள்ள வட்டுகள்தாம் அதிகம் பிதுங்கும். எந்த வட்டு என்பதைக் கால் காட்டிக்கொடுக்கும். பெருவிரல் மேலே எழ மறுத்தால் அநேகமாக மேல் வட்டு. சுண்டுவிரல் பக்கம் மரத்து, நுனிக்காலில் எக்க முடியாவிட்டால் கீழ் வட்டு. வலி குறைந்து கால் பலமும் குறைந்தால் குணமாகிவிட்டதென்று குலை வெட்டப் போகாதீர்கள்; நரம்பு ஓய்கிறது. தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றிரவே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. சிறிது தூரம் நடந்தாலே கால் கனக்கிறது. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் வலியில்லை.

பதில்: முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் தண்டுவடக் குழாய் குறுகியிருக்கலாம், குனிந்தால் அது சற்று அகலும். சும்மா நின்றாலே வலி போனால் இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் தள்ளுவண்டிக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்ஆர்ஐயில் வட்டு பிதுக்கம். வலியில்லை.

பதில்: வலியில்லாத பலருக்கும் இருக்கும். படத்தை மூடிவையுங்கள்.

கேள்வி: முடிவெட்டியதும் கழுத்தை நெட்டி முறிப்பது நல்லதா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: நான்தான் முடி வெட்டுபவன். 40 வருடத்தில் என் கடையில் ஒருவர்கூட விழவில்லை!

பதில்: அண்ணே, என் கழுத்தையும் நெட்டி முறித்தவர் நீங்கள். சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சத்தம் மூட்டுக்குள் இருக்கும் காற்றுக் குமிழி. எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமல்ல. கழுத்தெலும்புத் துளைகள் வழியே மூளைக்குப் போகும் தமனி கிழிந்தால் பக்கவாதம் வரும். அரிது, ஆனால் சில நாள் கழித்தும் வரும். விழுபவர் உங்கள் நாற்காலியில் விழ மாட்டார்.

கேள்வி: அப்படியானால் யாருக்குமே செய்யக் கூடாதா?

பதில்: சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுபவர், நடை தள்ளாடுபவர் வந்தால் கழுத்தைத் தொடவே கூடாது, தண்டுவடமே நசுங்கியிருக்கலாம். தலையில் எண்ணெய் தேயுங்கள், ஞாயிறு காலை எனக்கும்.

கேள்வி: எந்த மெத்தை நல்லது?

பதில்: மெத்தைக் கடையில் கேளுங்கள்.

கேள்வி: முதுகு வலிக்கிறது, என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சிறுநீர் பிரிகிறதா?