உறை பிரிப்பது வேறு, ஓட்டு எண்ணுவது வேறு

அன்புள்ள அண்ணா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் பணிக்குப் போவதால் எனக்கு எப்போதும் தபால் ஓட்டுதான். 2024இல் எங்களுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, எண்ணியதோ ஜூன் 4. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலும் தபால் ஓட்டை எப்போது எண்ணத் தொடங்குவது என்று பெரிய சண்டையாம், தம்பி சொல்கிறான். இங்கே முன்கூட்டியே எண்ணினால் என்னங்க?

செ., காங்கேயம்

அன்புள்ள டீச்சருக்கு,

எண்ணக் கூடாதுங்க. 2024இல் ஜூன் 1 வரை ஏழு கட்டமாக ஓட்டுப்பதிவு நடந்தது. இங்கே எண்ணியது கசிந்தால் வடக்கே ஓட்டுப் போடுகிறவர் மனது மாறும். ஆனால் உறையைப் பிரித்துச் சரிபார்ப்பதை முன்னாலேயே தொடங்கியாக வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டுச்சீட்டு சின்ன உறைக்குள் இருக்கும். அதையும் 13ஏ உறுதிமொழிப் படிவத்தையும் பெரிய உறைக்குள் போட்டு ஒட்டுவார்கள். எண்ணும் நாள் காலை எட்டு மணிக்குத்தான் பெரிய உறையைப் பிரிக்கிறார்கள். படிவத்தில் கையெழுத்து இல்லை, அதிகாரியின் சான்றொப்பம் இல்லை, சீட்டின் வரிசை எண் ஒத்துப்போகவில்லை என்றால் சின்ன உறையைத் திறக்காமலே தள்ளுபடி. ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்த பிழை அன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது. திருத்த அவகாசமில்லை. தன் ஓட்டு செல்லாமல் போனது போட்டவருக்குத் தெரிவதும் இல்லை. ஊருக்கெல்லாம் வாக்குச்சாவடி நடத்திக் கொடுத்தவருக்கு இப்படி நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021இல் மொடக்குறிச்சியில் வெற்றி வித்தியாசம் 281 ஓட்டு. ஒரு தொகுதியின் வாக்குச்சாவடி ஊழியர்களே அதைவிட அதிகம்.

பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் தபால் உறையைத் திறக்கச் சட்டம் இடம் தராது. 2020 அதிபர் தேர்தலில் நவம்பர் 3 முடிந்தும் 7ஆம் தேதிவரை அந்த மாநிலத்துக்காக எல்லாரும் காத்திருந்தது அதனால்தான். புளோரிடாவில் பல நாள் முன்பே தொடங்கிவிடுகிறார்கள், முடிவை வெளியே சொன்னால் கிரிமினல் குற்றம்.

தபால் ஓட்டை எண்ணி முடிக்காமல் இயந்திர ஓட்டு எண்ணிக்கையில் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடக் கூடாதென்று 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் சொல்லியிருப்பது நல்ல காரியம். அதோடு நிற்கக் கூடாது. வாக்குப்பதிவு முடிந்த வாரமே எல்லாக் கட்சி முகவர்களையும் வைத்துக்கொண்டு, வந்த பெரிய உறைகளைப் பிரிக்கட்டும். சின்ன உறை ஒட்டியபடியே இருக்கட்டும். கையெழுத்து விட்டுப்போனவருக்கு ஒரு போன் போட்டால் தாலுகா ஆபீசுக்கு வந்து போட்டுவிட்டுப் போவார். எண்ணும் நாள் காலை எட்டு மணிவரை வரும் உறைகளை மட்டும் அன்றைக்குப் பார்த்தால் போதும்.

உங்கள் ஆசிரியர் சங்கம் இதை மனுவாக எழுதி ஆணையத்துக்கு அனுப்பட்டும்ங்க. நானும் கையெழுத்துப் போடுகிறேன்.