ஆயாவுக்கு எழுபது வயதைத் தாண்டி மறதி நோய் வந்தது, இப்போது அப்பாவும் தடுமாறுகிறார். எனக்கும் வருமா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். அந்தக் காசில் முதலில் அப்பாவின் காதைச் சோதித்துப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் எங்கள் பெரியம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்ட வகையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெற்றோரிடமிருந்து நேராக இறங்கி, நாற்பது ஐம்பது வயதிலேயே ஆளைப் பிடிக்கிற அல்சைமர் (மறதி நோயில் அதிகமாகக் காணப்படும் வகை) உண்டு, ஆனால் மொத்த நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட அது இருக்காது. உங்கள் ஆயாவுக்கு எழுபதைத் தாண்டித்தான் வந்தது என்கிறீர்கள். அந்த வயதில் பேசப்படுவது ஏபிஓஇ என்ற ஜீன், அதில் இ4 என்கிற வகை. 1993-ல்தான் இதற்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு தெரிய வந்தது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி நமக்கு வரும். ஒன்று இ4 என்றால் ஆபத்து கூடும், இரண்டுமே இ4 என்றால் இன்னும் நிறையக் கூடும். அப்போதும் வந்தே தீரும் என்று யாரும் எழுதித்தர முடியாது, இ4 இல்லாதவர்களுக்கும் வருகிறது. (நம்ம பக்கம் மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுவதால் ஒரே வகை இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதையும் மறைக்க வேண்டாம்.)

ஹரியானாவில் பல்லப்கட் கிராமங்களையும் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஒரு பகுதியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, நம் கிராமத்து ஆட்களிடம் இ4-ம் குறைவு, அல்சைமரும் குறைவு என்று வந்தது. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. 2023-ல் வந்த தேசிய அளவிலான ஆய்வுப்படி, அறுபது தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர் உட்பட எல்லா மறதி நோய்க்கும் பொதுப் பெயர்), அதிலும் நகரத்தைவிட கிராமத்தில்தான் அதிகம். அதற்கு ஜீன் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பள்ளிக்கூடம் போகாதது, கவனிக்காமல் விட்ட பிபி, சர்க்கரை, புகை, கேட்காத காது, மங்கிய கண், தனிமை எல்லாமே ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. குடியாத்தத்தில் வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்றவருக்குக் காது போயிருந்தால் ஆச்சரியமில்லை, ஆனால் காது கேட்காமல் பதில் சொல்லாதவரை வீட்டில் 'மூளை மழுங்கிப்போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு மார்க் போடுவதும் இதே கதைதான். தேதி தெரியாது, பொய்கை மாட்டுச்சந்தை செவ்வாய்க்கிழமை என்பது தெரியும். நம் கணியம்பாடி ஒன்றியத்திலேயே 65 வயது தாண்டிய ஆயிரம் பேரிடம் ஆய்வு நடந்திருக்கிறது. எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நோயாளிகள் எண்ணிக்கை அடியோடு மாறியது. அதனால் ஆளின் பழைய நிலையோடு ஒப்பிடுங்கள். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் சில்லறை வாங்க மறக்கிறாரா, பழகின தெருவில் வழி தவறுகிறாரா?

அப்பாவுக்கு பி12 வைட்டமின், தைராய்டு, சர்க்கரை, பிபி எல்லாம் பார்த்துவிடுங்கள். சமீபத்தில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுகூட மறதி மாதிரியே தெரியும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. டாக்டரிடம் போகும்போது அவரோடு தினமும் இருக்கிற உங்கள் அம்மாவையும் கூட்டிப் போங்கள், எப்போதிலிருந்து என்ன மாறியது என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.