அந்தப் பையனைத் திருத்தியது யார்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நீங்கள் சொல்லித்தான் கிப்ளிங்கின் ‘கேப்டன்ஸ் கரேஜியஸ்’ நாவலை வாங்கினேன். கோடீஸ்வரர் மகன் ஹார்வி, பதினைந்து வயது, பயணிகள் கப்பலிலிருந்து அட்லாண்டிக்கில் விழுகிறான். மீன்பிடிக் கப்பல் ஒன்று காப்பாற்றுகிறது. சீசன் முடியும் வரை அதில் வேலை பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்புகிறான். கடல் காட்சிகள் பிடித்தன. ஆனால் அவன் மாறுவதை நம்ப முடியவில்லை. அடி வாங்கிய அன்றே மன்னிப்புக் கேட்டுவிடுகிறான், அவன் மனதில் என்ன நடந்தது என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. கடைசியில் பணக்காரப் பையன் முதலாளியாகவே ஆகிறான். என் மகனுக்கு 14 வயது. வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டான். இதை வாசித்தால் அவன் மாறுவானா?

க.

அன்புள்ள க.,

மன்னிப்புக் கேட்பது சீக்கிரம் வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் ஹார்வி அந்த இடத்தில் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. தன் பணத்தைத் திருடிவிட்டதாக கேப்டன் டிஸ்கோ ட்ரூப் மீது பழி போட்டான், அது தப்பு என்று தெரிந்ததும் நேராகப் போய்ச் சொன்னான், அவ்வளவுதான். பையனிடம் ஏற்கெனவே கொஞ்சம் நேர்மை இருந்தது என்று மட்டும்தான் அது காட்டுகிறது. மாற்றம் அதற்கப்புறம் பல வாரங்களில், அவன் கைகளில் நடக்கிறது. உப்புநீரும் மீன்கழிவும் பட்டு மணிக்கட்டில் புண்கள் வருகின்றன, கேப்டனின் மகன் டேன் சவரக்கத்தியால் அவற்றைக் கீறிவிட்டு, இப்போதுதான் நீ அசல் மீன்பிடிக்காரன் என்கிறான். மாதம் இருநூறு டாலர் கைச்செலவுக்கு வாங்கிய பையன், மாதம் பத்தரை டாலர் சம்பளத்துக்கு வேலை செய்து வந்த புண் அது. அந்தப் பெருமையைத் தாண்டி மனதுக்குள் புகுந்து வேறென்ன விளக்க வேண்டும்?

எனக்கு இந்த நாவலில் மிக முக்கியமாகப் படுவது, அந்தக் கப்பலில் ஒருவர்கூட அவனைத் திருத்த முயற்சி செய்வதில்லை என்பது. யாருக்கும் அதற்கு நேரமில்லை. அப்பா கோடீஸ்வரர் என்று அவன் சொல்வதை டிஸ்கோ நம்புவதே இல்லை, தலையில் அடிபட்ட பையனின் உளறல் என்று எடுத்துக்கொள்கிறார். டோரி என்கிற சின்னப் படகுகளில் போய்த் தூண்டிலில் பிடித்த காட் மீன் மலையாகக் கிடக்கும், ராத்திரியானாலும் அத்தனையையும் வெட்டி உப்பில் போட்டாக வேண்டும். ஒருவர் வயிற்றைக் கீறுகிறார், அடுத்தவர் தலையைத் திருகிக் குடலை எடுக்கிறார், இன்னொருவர் முதுகெலும்பைப் பிய்த்தெடுக்கிறார், மீன் தொட்டியில் விழுகிறது. அந்த வரிசையில் ஒருவன் நின்றுவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். கொண்டுபோன உப்பு தீரும் வரை வீடு திரும்ப முடியாது. அவன் அங்கே தேவைப்படுகிறான், வாழ்க்கையில் முதல் முறையாக! அதற்கு முன் அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை, அம்மாவும் சரி, அப்பாவும் சரி.

இந்த வேலை விவரங்கள் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கிப்ளிங் இதை எழுதியபோது அமெரிக்காவில், வெர்மாண்ட்டில் இருந்தார். அவருடைய குடும்ப டாக்டர் ஜேம்ஸ் கான்லண்ட் இளம் வயதில் மீன்பிடிக் கப்பலில் போனவர். இருவரும் மீன்பிடிக் கப்பல்கள் புறப்படும் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பெரிய காட் மீன்களையும் அதற்கான கத்திகளையும் வைத்துக்கொண்டு எப்படி வெட்ட வேண்டும் என்று டாக்டரே செய்து காட்டினாராம். 1897இல் வெளிவந்த நாவலை கிப்ளிங் அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

‘மனதுக்குள் எதுவும் இல்லை’ என்கிறீர்களே, கப்பல் ஆட்களில் ஒருவரான பென் வரும் பகுதியைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் (1889இல் நிஜமாகவே நடந்தது, இரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள்) மனைவி மக்களைப் பறிகொடுத்து, தான் ஒரு பாதிரியார் என்பதையே மறந்துபோனவர். பனிமூட்டத்தில் ஒரு பெரிய கப்பல் மோதி ஸ்கூனர் என்கிற பாய்மரக் கப்பல் ஒன்று மூழ்குகிறது. அதன் கேப்டன் தப்பிவிடுகிறார், மகனைக் காணோம். அந்தத் தகப்பனைப் பார்த்ததும் பென்னுக்கு எல்லா நினைவும் திரும்பி, அவரோடு உட்கார்ந்து ஜெபிக்கிறார். மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்து தகப்பன் கிளம்பிப் போனதும் பென் பழையபடி மறந்துவிடுகிறார். ஹார்வி இதற்கு அருகில் இருக்கிறான். இதிலிருந்து அவன் என்ன கற்றுக்கொண்டான் என்று கிப்ளிங் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கத்தை மன்னித்திருக்கமாட்டேன்.

முதலாளி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். கடைசி அத்தியாயங்களில் கிப்ளிங் பணத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறார். மகன் உயிரோடிருக்கும் செய்தி கேட்டு அப்பா தனி ரயிலில் சான் டியேகோவிலிருந்து பாஸ்டனுக்கு 87 மணி 35 நிமிடத்தில் வந்து சேரும் பகுதி வேகமாகத்தான் போகிறது, ஆனால் அது வேறு ஒரு கதை. ஹார்வியைவிட நன்றாகக் கடல் தெரிந்த டேன், கடைசியில் ஹார்வியின் குடும்பமான செயின் குடும்பத்துக் கப்பலில் வேலைக்குச் சேர்வது எனக்கும் உறுத்துகிறது. கறுப்பினச் சமையல்காரரைப் பற்றிய பேச்சில் அந்தக் காலத்து இனவெறி அப்படியே இருக்கிறது, மகனோடு அதைப் பேச வேண்டியிருக்கும். ஆனால் அதே கடைசிப் பகுதியில்தான் குளோஸ்டரில் அந்த வருடம் கடலில் மாண்டவர்களின் பெயர்களை ஊர் கூடி வாசிக்கும் இடமும் வருகிறது. அதற்காகவே முழுவதையும் வாசிக்கலாம்.

உங்கள் மகனுக்கு இதைத் திருத்துவதற்காகக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், அப்புறம் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். புயல், பனிமூட்டம், செத்துப்போன பிரெஞ்சுக்காரனின் கத்தியைத் தேடிக்கொண்டு அவன் உடலே மேலே வரும் பயங்கரம், இதற்காகக் கொடுங்கள். மீனவர்களின் கொச்சை ஆங்கிலம் தொடக்கத்தில் அவனை மிரட்டும். அதனால் முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 1937இல் வந்த படத்தை முதலில் காட்டிவிட வேண்டாம். அதில் ஹார்வி இன்னும் சின்னப் பையன், அவனைக் கடலிலிருந்து தூக்கிய மீனவன் மானுவேல் செத்துப்போகிறான். நாவலில் மானுவேல் சாவதில்லை.