பட்டம் யாருக்குப் போகும்? ஸ்காட்லாந்துப் பிரபு வம்சங்கள்: கேள்வி - பதில்

கே: ஆங்கில நாவல்களில் டியூக், ஏர்ல், பாரன், லேர்டு என்று மாறி மாறி வருகிறது. ஸ்காட்லாந்தில் இவர்களில் யார் பெரியவர்? (வாசகர், திண்டுக்கல்)

ப: பிரபுக்களில் ஐந்து படி. மேலிருந்து டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியில் 'லார்ட் ஆஃப் பார்லிமென்ட்'. இங்கிலாந்தில் கடைசிப் படிக்குத்தான் பாரன் என்று பெயர். ஸ்காட்லாந்தில் பாரன் வேறு ஆள். அரசரிடமிருந்து நிலத்தையும், அந்த எல்லைக்குள் வழக்கு விசாரிக்கும் உரிமையையும் சேர்த்துப் பெற்றவர். நம்மூர் ஜமீன்தாரை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். 2004 நவம்பர் 28 அன்று அங்கே நிலமானிய முறை சட்டப்படி ஒழிந்தது. அன்றிலிருந்து பாரன் என்ற பெயர் நிலத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து நிற்கிறது. அதை விற்கலாம், வாங்கலாம். வாங்கியவர் பிரபு ஆகிவிட மாட்டார்.

லேர்டு என்பது பட்டமே இல்லை. பண்ணையார் என்று சொல்கிறோமே, அதுபோல ஒரு விவரிப்பு. 1625-இல் தொடங்கிய பாரனெட் பட்டமோ பரம்பரையாக வரும் 'சர்'. அவரும் பிரபுக்கள் வரிசையில் சேர மாட்டார்.

இன்னொரு குழப்பம் மூத்த மகன். ஆர்கைல் டியூக்கின் மூத்த மகனை லோர்ன் மார்க்வெஸ் என்பார்கள். அப்பாவிடம் இருக்கும் சின்னப் பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காக மகன் சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான். அப்பா இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன்.

கே: சென்னை நேப்பியர் பாலத்துக்குப் பெயர் கொடுத்த நேப்பியர் பிரபுவும், மடக்கை கண்டுபிடித்த ஜான் நேப்பியரும் ஒரே குடும்பமா? (வாசகர், சேப்பாக்கம்)

ப: ஒரே வம்சம்தான். ஆனால் பாதை நேராக இல்லை. ஸ்காட்லாந்துப் பட்டங்கள் எப்படிப் பயணிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எடின்பரோவை ஒட்டிய மெர்ச்சிஸ்டன் கோட்டையின் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். அவர் பிரபு அல்ல. அவருடைய மகன் ஆர்ச்சிபால்டுதான் 1627-இல் முதலாம் நேப்பியர் பிரபு ஆனார். அதே ஆண்டு அவருக்குப் பாரனெட் பட்டமும் கிடைத்தது. மகன், பேரன் என்று மூன்றாவது பிரபுவரை சிக்கல் இல்லை. மூன்றாவது பிரபு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. 1677-இல் பட்டத்தை அரசரிடமே ஒப்படைத்துவிட்டு, புதிய சாசனத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தச் சாசனத்தில் சகோதரிகள் வழியாகவும் பட்டம் போகலாம் என்று வாசகம் மாறியிருந்தது. பட்டத்துக்கு வருபவர் நேப்பியர் என்ற குடும்பப் பெயரையும் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்படி ஒப்படைத்து மறுபடி பெறும் வசதி ஸ்காட்லாந்தில் மட்டும் இருந்தது. 1707-இல் இரு நாடுகளின் நாடாளுமன்றங்களும் ஒன்றானபோது அதுவும் முடிந்தது.

1683-இல் அவர் இறந்ததும் சகோதரி மகன் தாமஸ் நிக்கல்சன் நான்காவது பிரபு ஆனார். 1686-இல் அவர் இளவயதிலேயே இறக்க, அவருடைய சித்தி முறையான மார்கரெட் தன் சொந்த உரிமையில் ஐந்தாவது நேப்பியர் ஆனார். 1706-இல் மார்கரெட் மறைந்தபின் மகள் வழிப் பேரன் பிரான்சிஸ் ஸ்காட் ஆறாவது பிரபு. சாசனப்படி குடும்பப் பெயரை நேப்பியர் என்று மாற்றிக்கொண்டார். அங்கிருந்து அப்பா - மகன் என்று நேராக வந்த பத்தாவது பிரபுதான் 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர். ஆண்வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அவர் ஒரு ஸ்காட். பெயரிலும் பட்டத்திலும் நேப்பியர். பாரனெட் பட்டமோ 1683-லேயே இவர்களை விட்டுப் பிரிந்துவிட்டது. அதன் சாசனம் ஆண்வழிக்கு மட்டும் என்று சொன்னதால் தூரத்துப் பங்காளிகளுக்குப் போக வேண்டியதாயிற்று.

கதை இன்னும் முடியவில்லை. 1872-இல் பத்தாவது பிரபுவுக்கு எட்ரிக் பாரன் என்று இன்னொரு பட்டம் கொடுத்தார்கள். இது ஸ்காட்லாந்தின் நில பாரன் அல்ல, பிரபுக்கள் வரிசையின் கடைசிப் படியான பாரன். ஏற்கெனவே பிரபுவாக இருப்பவருக்கு அது எதற்கு? 1707-க்குப் பிறகு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த 16 பேர் மட்டுமே லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடிந்தது. ஐக்கிய ராஜ்யப் பட்டம் ஒன்று கையில் இருந்தால் தேர்தல் இல்லாமலே நாற்காலி உண்டு. 1963-இல் சட்டம் மாறும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. எட்ரிக் ஆண்வழிப் பட்டம். நேப்பியர் பெண்ணுக்கும் போகும். மகள் மட்டும் இருக்கும் ஒரு தலைமுறை வந்தால் இரண்டும் இரண்டு திசையில் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: அதே காலத்தில் இந்தியாவில் இன்னொரு நேப்பியர் பிரபுவும் இருந்தார். படைத்தலைவர் ராபர்ட் நேப்பியர், கொழும்பில் 1810-இல் பிறந்தவர், 1868-இல் மக்தலா நேப்பியர் பாரன் ஆனவர். பாலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

கே: கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியை ஓரிடத்தில் ஏர்ல் என்றும் இன்னோரிடத்தில் மார்க்வெஸ் என்றும் எழுதுகிறார்களே? (வாசகர், தஞ்சாவூர்)

ப: இரண்டும் சரி. ஏர்ல் பட்டம் 1633 முதல் குடும்பத்தில் இருந்தது. அவர் பத்தாவது ஏர்ல். மார்க்வெஸ் பட்டம் 1849-இல் அவருக்கே புதிதாகக் கொடுத்தது, அவருடைய ஆண் சந்ததிக்கு மட்டும். 1860-இல் இறந்தபோது அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. மார்க்வெஸ் பட்டம் அன்றோடு அழிந்தது. ஏர்ல் பட்டம் பழைய சாசனப்படி ஒன்றுவிட்ட உறவினர் ஃபாக்ஸ் மாலுக்குப் போயிற்று.

ஆண் வாரிசு இல்லை என்று சொல்லித்தான் 1855-இல் உங்கள் ஊர் அரச பட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதே விதி ஐந்தாண்டில் கவர்னர் ஜெனரலின் வீட்டிலும் வேலை செய்தது.

கே: எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் நீலகிரியில் தோட்டத் துரையாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர், கேம்பல் குடும்பம். ஆர்கைல் டியூக்கின் வம்சம் என்று வீட்டில் சொல்வார்கள். எப்படி உறுதி செய்வது? (வாசகி, குன்னூர்)

ப: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், வருத்தப்படாதீர்கள். குடும்பப் பெயர் எதையும் நிரூபிக்காது. பெரிய தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள் அவர் பெயரையே வைத்துக்கொள்வது ஸ்காட்லாந்து மலைநாட்டில் சாதாரணம். கேம்பல்கள் எல்லோரும் டியூக்கின் சொந்தம் இல்லை.

டியூக்கிலிருந்து கீழே இறங்காதீர்கள்; உங்களிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடக்கப் பதிவைவிடத் திருமணப் பதிவைத் தேடுங்கள்; தகப்பனார் பெயர் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

தகப்பனார் பெயர் கிடைத்தால் ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்துக்குப் போகலாம். 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கட்டாயப் பதிவு. அங்கத்திய இறப்புப் பதிவில் தாய் தகப்பன் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். இங்கிலாந்துப் பதிவில் இது கிடையாது. அதனால் உங்கள் தோட்டத் துரையின் அண்ணன் தம்பி யாராவது ஸ்காட்லாந்திலேயே 1855-க்குப் பின் இறந்திருந்தால், அந்த ஒரு தாளே போன தலைமுறைக்குக் கதவைத் திறக்கும். இணையத்தில் பிறப்பு 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 கழிந்த பிறகே படமாகப் பார்க்கக் கிடைக்கும்.

1855-க்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள்தான். மிகப் பழையது எரோல் என்ற ஊரின் பதிவேடு, 1553-இல் தொடங்குகிறது. பல ஊர்களில் நடுவே ஆண்டுக்கணக்கில் ஓட்டை. வசதியான குடும்பங்களில் பல எபிஸ்கோப்பல் என்ற தனிச் சபையைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லாமல் போவதற்கு அது ஒரு காரணம்.

நிலம் இருந்த குடும்பம் என்றால் இரண்டு ஆவண வரிசை உண்டு. ஒன்று, நம் வாரிசுச் சான்றிதழ் மாதிரி: ஊர்ப் பெரியவர்கள் கூடி 'இன்னாரின் வாரிசு இன்னார்' என்று தீர்மானித்துத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பியது. 1652 முதல் 1659 வரையிலானவை நீங்கலாக 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எல்லாம் லத்தீன். சிலர் அப்பா இறந்து இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் இதை வாங்கினார்கள், ஆகவே ஆவணத் தேதியை இறந்த தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, 1617 முதல் தொடர்ந்து வரும் சசீன் பதிவேடு. நம்மூர்ப் பத்திரப்பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயில் ஆவணங்களில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தை உயிலில் எழுத முடியாது. ரொக்கம், மாடு, தட்டுமுட்டுச் சாமான் மட்டும்தான். நிலம் தானாக மூத்த மகனுக்குப் போகும். எனவே உயிலில் ஐந்து பிள்ளைகள் பெயர் இருந்து மூத்தவன் பெயர் மட்டும் இல்லையென்றால், அவன் செத்துவிட்டான் என்று மரத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள். நிலம் முழுக்க அவனிடம் இருந்திருக்கலாம்.

இனி, பழைய ஆவணத்தில் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டெழுத்து. 'கேம்பல் ஆஃப் கிளென்லையன்' என்றால் கிளென்லையனின் சொந்தக்காரர். 'கேம்பல் இன் கிளென்லையன்' என்றால் அங்கே குத்தகைக்கு இருந்தவர். 'இன்' என்பதை 'ஆஃப்' என்று படியெடுத்துக் குத்தகைக்காரரைப் பண்ணையாராக்கிய வம்ச மரங்கள் இணையத்தில் ஏராளம். அதேபோல் 'நேச்சுரல் சன்' என்றால் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். 'லாஃபுல் நேச்சுரல் சன்' என்றால் முறையான மகன். ஒரு சொல் விட்டுப்போனால் வாரிசுரிமையே போய்விடும்.

தேதி விஷயமும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1600 முதலே புத்தாண்டு ஜனவரி 1. இங்கிலாந்தில் 1752 வரும்வரை மார்ச் 25. முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, எடின்பரோவில் 1649; லண்டன் கணக்கில் 1648. பிப்ரவரியில் கல்யாணம், அதே ஆண்டு டிசம்பரில் குழந்தை என்று வந்தால் எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

இவ்வளவும் ஏறிய பிறகுதான் பால்ஃபோர் பால் தொகுத்து 1904 முதல் 1914 வரை வந்த, ஒன்பது தொகுதி ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் வரலாற்றைத் திறக்க வேண்டும். உங்கள் ஏணியின் மேல்படி அதில் உள்ள ஒரு இளைய மகனைத் தொட்டால் அதிர்ஷ்டம்.

கே: இணையத்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் 'லார்ட்' ஆகலாம் என்று விளம்பரம் வருகிறதே? (வாசகர், கோவை)

ப: பரிசாகக் கொடுக்க நல்ல காகிதம். பட்டம் இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் நிலம் உங்கள் பெயரில் பதிவானால்தான் நீங்கள் உரிமையாளர். பயன்பாட்டுக்கு உதவாத இத்தனை சிறிய துண்டை 'நினைவுப் பொருள் மனை' என்று வகைப்படுத்தி, நிலப்பதிவேட்டில் ஏற்க மறுக்கிறது சட்டம். ஆக உங்கள் கையில் இருப்பது விற்றவரோடு ஓர் ஒப்பந்தம் மட்டும். பத்திரம் இல்லை, பட்டா இல்லை, லேர்டும் இல்லை. பிரபு பட்டத்தையோ எவரும் விற்கவே முடியாது. 2004 முதல் பிரபுக்களுக்கு அதிகாரபூர்வப் பட்டியல் ஒன்று உண்டு. நேர் வாரிசாக இருந்தாலும் ஆதாரம் காட்டி அதில் பெயர் ஏற்றாதவரை அரசு ஆவணத்தில் அந்தப் பட்டத்தைப் போட மாட்டார்கள்.

கே: ஸ்டூவர்ட் குடும்பச் சின்னம் என்று காபிக் கோப்பையில் விற்கிறார்கள். அது உண்மையா? (வாசகர், பெங்களூரு)

ப: குடும்பத்துக்குச் சின்னம் கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு கேடயச் சின்னம் ஒரு ஆளுக்குத்தான் சொந்தம். 1672 சட்டப்படி எல்லாம் எடின்பரோவில் உள்ள, சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லையன் என்ற அதிகாரியின் அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். இளைய மகன் அப்பாவின் கேடயத்தை அப்படியே போடக் கூடாது. ஓரத்தில் ஒரு கரை, நிறமாற்றம் என்று வேறுபடுத்திப் பதிய வேண்டும். அந்த அலுவலகம் ஒரு நீதிமன்றமும்கூட, தனக்கென அரசு வழக்கறிஞர் உண்டு. குலத்தைச் சேர்ந்த மற்றவர்கள் அணியலாம் என்று விட்டுவைத்தது, தலைவரின் முடிச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே தலைக்கவசத்தின் உச்சியில் வரும் உருவம்) சுற்றி வாரும் கொக்கியும் போட்ட வில்லையை. கோப்பையில் வார் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: தத்துப் பிள்ளைக்குப் பட்டம் வருமா?

ப: வராது. ஆனால் பெற்றோர் கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, பின்னால் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால், ஸ்காட்லாந்துப் பட்டத்துக்கு வாரிசாகலாம். இங்கிலாந்துப் பட்டத்துக்கு முடியாது.

கே: மென்சீஸ் என்று எழுதி மிங்கிஸ் என்கிறார்களே, ஏன்?

ப: பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது, ஏறக்குறைய 'ய' ஒலி. அச்சுக்காரர்களிடம் அந்த அச்செழுத்து இல்லை. பார்க்க அதைப் போலவே இருந்த 'இசட்'டைக் கோத்துவிட்டார்கள். நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டெழுத்து போட்டு, வெளியூர்க்காரர் அதைக் கண்டபடி படிப்பது போலத்தான். டல்சீல் என்று எழுதுவதை 'டீயெல்' என்பதும் இதனால்தான். இந்தப் பெயர்களைப் பதிவேட்டில் தேடும்போது இசட், ஒய், ஜி மூன்றையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். ஒரே குடும்பம் மூன்று இடத்தில் கிடக்கும்.